மூன்று லட்சத்துக்கு எத்தனை கேரம் போர்டு? விளையாட்டுப் பொருள் கடையின் முதல் சரக்கைக் கணக்கிடும் முறை

மன்னார்குடியில் விளையாட்டுப் பொருள் கடை திறக்கப்போகும் என் பழைய மாணவர் ஒருவர், சென்ற மாதம் ஒரு தாளோடு கும்பகோணத்துக்கு வந்தார். கடை முன்பணம், அலமாரி, பெயர்ப் பலகை, விளக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தச்சரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் கேட்டு, ஐம்பது ரூபாய் பிசகாமல் எழுதியிருந்தார். கடைசி வரி மட்டும் "சரக்கு – 3 லட்சம்" என்று இருந்தது. அதில் எத்தனை கேரம் போர்டு, எத்தனை செஸ், எந்த ஊரில் எடுப்பது, வண்டி வாடகை அதற்குள் அடங்குமா என்று கேட்டேன். "மொத்தக் கடைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன், டீச்சர்" என்றார்.

பதறிவிட்டேன். அப்படிப் போய் நின்றால் எதை வாங்குவது என்பதை மொத்த வியாபாரிதான் முடிவு செய்வார். அவர் கிடங்கில் எது தேங்கியிருக்கிறதோ அது முதலில் நம் கட்டில் ஏறும். பத்தொன்பது ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்துவிட்டு, 2018இல் நானும் ஒரு விளையாட்டுப் பொருள் கடை திறந்தேன். முதல் இரண்டு ஆண்டுகளில் நான் இழந்த பணம் எல்லாம் சரக்கில் இழந்ததுதான். அன்று அவரை உட்காரவைத்துப் போட்ட கணக்கை இங்கே விரித்து எழுதுகிறேன். இதில் வரும் விலைகள் முறையைக் காட்டுவதற்காக மட்டுமே. நீங்கள் வாங்கும் நாளின் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ணிக்கை, பிறகு விலை

விலைப்பட்டியலைத் தொடுவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கடையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களைப் போய்ப் பாருங்கள். செஸ் வகுப்பு எடுப்பவர்களைப் பாருங்கள். மாலையில் இறகுப்பந்து ஆடும் இடத்தில் இரண்டு நாள் நில்லுங்கள். எல்லோரிடமும் கேட்க வேண்டியது மூன்றே கேள்விகள்: சென்ற ஆண்டு என்ன வாங்கினீர்கள், எத்தனை வாங்கினீர்கள், எந்த மாதம் வாங்கினீர்கள். "கடை வைத்தால் வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் அதற்கு யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

இப்படிக் கேட்டதால்தான் செஸ் விஷயத்தில் எனக்குக் கண் திறந்தது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். அடுத்த வாரமே பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெற்றோர் கடைக்கு வரத் தொடங்கினார்கள். என்னிடம் இருந்ததோ காந்தம் வைத்த சிறிய மடக்குப் பலகைகள். வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு அது உதவாது. பயிற்சியாளர் கேட்பது சுருட்டி வைக்கும் வினைல் விரிப்பு, அடியில் கனம் வைத்த பிளாஸ்டிக் காய்கள், ராஜாவின் உயரம் சுமார் 9.5 சென்டிமீட்டர், கட்டம் 5 முதல் 6 சென்டிமீட்டர். போட்டிகளில் இருக்கும் அளவு அது. அந்த ஒரு வகையில் பத்து செட் வைத்திருந்தால் மடக்குப் பலகை நாற்பது வைத்திருப்பதை விட மேல். இதை எந்த விலைப்பட்டியலும் சொல்லாது. வகுப்பு எடுக்கும் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசினால் தெரிந்துவிடும்.

மாதக் கேள்வியும் அதே அளவு முக்கியம். கேரம் போர்டு ஏப்ரல் கடைசியில் ஏறி மே முழுவதும் ஓடும், ஜூனில் பள்ளி திறந்ததும் படுத்துவிடும். பல்லாங்குழியும் சொப்புச் சாமானும் நவராத்திரிக்கு முன் இரண்டு வாரம். பரமபதப் படம் மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வாரத்தில் மட்டும்: இரவு கண்விழிக்கப் பரமபதம் ஆடும் வீடுகள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கின்றன. மூன்று நாளில் ஒரு கட்டு தீர்ந்துவிடும், நான்காம் நாள் ஒன்றுகூடப் போகாது. பொங்கலுக்கு இளைஞர் மன்றங்கள் பந்தும் வலையும் கேட்டு வருவார்கள்.

மாதத்துக்கு எத்தனை போகும் என்று ஒரு எண் கிடைத்ததும், அந்தப் பொருளை மறுபடி வரவழைக்க எத்தனை நாள் ஆகும் என்று பாருங்கள். எனக்குச் சென்னையிலிருந்து பார்சல் வர மூன்று முதல் ஐந்து நாள். வடக்கே விளையாட்டுப் பொருள் தயாராகும் மீரட், ஜலந்தரிலிருந்து வர இரண்டு வாரம்கூட ஆகியிருக்கிறது. ஸ்டிரைக்கர் மாதம் பத்து போகிறது என்று வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஆர்டர் போடுகிறேன், வர ஐந்து நாள், தாமதத்துக்கு ஒரு வாரம்: ஆக 27 நாளுக்கான சரக்கு, அதாவது ஒன்பது. டஜன் கணக்கில்தான் தருவார்கள் என்பதால் பன்னிரண்டு. கேரம் போர்டு சாதாரண மாதத்தில் நான்கு போனால், ஒன்றரை மாதத்துக்கு ஆறு போதும். மன்னார்குடித் தாளில் அந்தப் பையன் மனத்துக்குள் வைத்திருந்த எண் நாற்பது. அது பத்து மாதச் சரக்கு.

பட்டியல் விலையிலிருந்து அடக்க விலை வரை

மொத்த விலை என்று காகிதத்தில் இருப்பது மொத்த வியாபாரியின் விலை. நம் அலமாரியில் பொருள் ஏறி நிற்கும்போது ஆகியிருக்கும் செலவுதான் அடக்கம். ஒரு கோடை விடுமுறைக்கு முன் 26 அங்குல கேரம் போர்டு இருபது எடுத்த கணக்கை, வரியை மட்டும் இன்றைய விகிதத்துக்கு மாற்றித் தருகிறேன்.

பட்டியல் விலை ஒன்று 900 ரூபாய், இருபதுக்கு 18,000. ஜி.எஸ்.டி. 5 சதவீதம் 900. லாரி வாடகை 700. கிடங்கிலிருந்து பார்சல் ஆபீஸுக்கு ஏற்றுக்கூலி 300. இங்கே இறக்கிக் கடைக்குக் கொண்டுவரக் குட்டியானை 400. நான் சென்னை போய்வந்த செலவில் இந்தச் சரக்கின் பங்கு 500. மொத்தம் 20,800. இருபதில் ஒரு போர்டின் மூலை உடைந்து வந்தது, அதைப் பாதி விலையாக 450 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன். மீதி 20,350ஐப் பத்தொன்பதால் வகுத்தால் ஒரு போர்டின் அடக்கம் 1,071. பட்டியலில் 900, அலமாரியில் 1,071. நூற்றுக்குப் பத்தொன்பது ரூபாய் வழியிலேயே ஏறிவிட்டது.

எல்லாப் பொருளுக்கும் இப்படி ஏறாது. சீட்டுக்கட்டு, ஸ்டிரைக்கர், தாயக்கட்டை போன்றவை சிறிய இடத்தில் அதிக மதிப்பு அடங்குபவை. வண்டி வாடகை ஒன்றுக்குச் சில காசுதான் விழும். கேரம் போர்டு, கிரிக்கெட் மட்டை, கேரம் ஸ்டாண்டு போன்றவை இடத்தை அடைப்பவை. ஆகவே மொத்தப் பில்லுக்கும் ஒரே சதவீதமாகப் போக்குவரத்தைப் பரப்பாதீர்கள். பெரிய பொருளின் செலவைச் சிறிய பொருள் சுமப்பதுபோல் கணக்குக் காட்டும். பெரிய பொருளை நஷ்டத்துக்கு விற்றுக்கொண்டிருப்பது தெரியவே தெரியாது.

சேதம் என்று ஒரு வரி எப்போதும் இருக்கட்டும். அதைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது: கட்டைப் பார்சல் ஆபீஸிலேயே பிரிப்பது. முதல் தடவை நான் பிரிக்க உட்கார்ந்தபோது அங்கே இருந்த லோடுமேன், "கடையில் போய்ப் பிரித்துக்கொள்ளுங்களேன், டீச்சரம்மா" என்றார். "இரண்டு நிமிடம் பொறுங்கள், அண்ணே" என்று சொல்லிச் சாக்குத் தையலை அறுத்தேன். போர்டுகளை முகத்தோடு முகம் வைத்து ஐந்தைந்தாகக் கட்டியிருப்பார்கள். பெரும்பாலும் அடிபடுவது கட்டின் வெளிப்பக்கப் போர்டின் கீழ் மூலை. சட்டங்கள் இரண்டு சேரும் இடத்தில் கட்டைவிரலை ஓட்டினால் இணைப்பு விட்டிருப்பது நகத்தில் தட்டும். பிறகு இரண்டடி ஸ்டீல் ஸ்கேலைப் பலகையின் மேல் குறுக்காக, குழியிலிருந்து குழி நோக்கி நிறுத்தி வைத்து, கண்ணை மட்டத்துக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் பிளைவுட் குழிந்திருக்கிறது. அந்தப் போர்டில் காய் நடுவை நோக்கி இழுக்கும். வாங்கியவர் மூன்றாம் நாள் திரும்பக் கொண்டுவருவார். குறை இருந்தால் லாரி கம்பெனி தரும் எல்.ஆர். ரசீதில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுங்கள், ஒரு படமும் எடுத்து உடனே மொத்தக் கடைக்கு அனுப்புங்கள். கடைக்கு வந்தபிறகு சொன்னால் உங்கள் கையில் உடைந்ததாகிவிடும்.

போட்டிக்கான போர்டு கேட்பவர்களுக்கு எடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். ஆடுதளம் 74 சென்டிமீட்டர் சதுரம், பிளைவுட் 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 15 கிராம் ஸ்டிரைக்கரை முழு வேகத்தில் அடித்தால் மூன்றரை முறை போய்வர வேண்டும் என்பது ஆட்ட விதி. மரிய இருதயம் போல இரண்டு முறை கேரம் உலகச் சாம்பியன் ஆனவரையும், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவையும் தந்தது சென்னை. நம்மிடம் போர்டு வாங்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கனவு இருக்கிறது. நான்கு மில்லிமீட்டர் பலகையைப் போட்டி போர்டு என்று சொல்லி விற்காதீர்கள்.

வரி

கேரம், செஸ், சீட்டு, லூடோ போன்ற பலகை விளையாட்டுகளுக்கு முன்பு 12 சதவீத வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். விளையாட்டுக் கருவிகளுக்கும் அப்படியே. பேட்டரியில் ஓடும் பொம்மைகள் கதை வேறு, பில்லில் பொருளின் வகையைக் குறிக்கும் எச்.எஸ்.என். எண்ணையும் வரி விகிதத்தையும் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். பலகை விளையாட்டுக்கு 9504, விளையாட்டுக் கருவிகளுக்கு 9506.

பொருள் மட்டும் விற்கும் கடைக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை தமிழ்நாட்டுக்குள் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் இல்லை. பதிவு செய்தால் இரண்டு வழி. காம்போசிஷன் முறையில் விற்பனையில் 1 சதவீதம் கட்டுவீர்கள், வாங்கும்போது கொடுத்த வரி திரும்ப வராது. சாதாரண முறையில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் விற்பனை விலைக்குள் இருக்கும் வரியைக் கட்ட வேண்டும். மேலே சொன்ன போர்டை 1,350க்கு விற்பதாகப் போட்டுப் பார்த்தேன். காம்போசிஷனில் 13.50 கழிந்து, அடக்கம் 1,071 போக நிற்பது சுமார் 265. சாதாரண முறையில் அடக்கம் 1,024ஆக இறங்கும், 1,350க்குள் இருக்கும் வரி 64 போனால் 1,286, நிற்பது 262. வித்தியாசம் மூன்று ரூபாய்தான். ஆகவே லாபத்தைப் பார்த்து இதை முடிவு செய்யாதீர்கள், யாருக்கு விற்கிறீர்கள் என்று பாருங்கள். வரி தனியாகக் காட்டிய பில் கேட்கும் நிறுவனங்களுக்குக் காம்போசிஷன் கடைக்காரர் அதைத் தர முடியாது. அதற்காகவே நான் மூன்றாம் ஆண்டில் சாதாரண முறைக்கு மாறினேன்.

வெளிமாநிலத்திலிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு வந்தால், வண்டியோடு வர வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் வேண்டும், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல். இதை அனுப்புபவரே போட்டுவிடுவார், போட்டாரா என்று மட்டும் கேளுங்கள்.

எம்.ஆர்.பி.யும் தள்ளுபடியும்

பெட்டியில் வரும் கம்பெனி விளையாட்டுகளுக்குக் கணக்கு பின்னாலிருந்து முன்னால் வரும். பெட்டியில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட விற்க முடியாது, ஆகவே அந்த விலையிலிருந்து எவ்வளவு கழிவு என்பதுதான் பேச்சு. 600 ரூபாய் பெட்டிக்கு 25 சதவீதக் கழிவு என்றால் 450. இங்கே கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: "தம்பி, இந்த 450 வரி சேர்த்தா, வரி தனியா?" தனி என்றால் 472.50. வாடிக்கையாளர் பத்து சதவீதம் குறைக்கச் சொல்வார், நாமும் குறைப்போம். 540க்கு விற்றால் உங்களிடம் நிற்பது 67.50. தாளில் 25 சதவீதமாகத் தெரிந்தது கையில் எட்டில் ஒரு பங்காகிவிட்டது.

பெட்டியில் எம்.ஆர்.பி. இல்லாத, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர் இல்லாத சரக்கை மலிவு என்று தொடாதீர்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். 2019இல் ஒரு மொத்தக் கடையில் "பத்து எடுத்தால் ஒன்று இலவசம்" என்று பேட்டரியில் கேள்வி கேட்கும் பெட்டி ஒன்றைக் காட்டினார்கள். 380 ரூபாய் வீதம் இருபது எடுத்தேன், இரண்டு இலவசம், ஆக 22 பெட்டி, 7,600 ரூபாய். எட்டு விற்றது, 4,400 வந்தது. பிறகு ஊரடங்கு. அது விலகி மூச்சு விடுவதற்குள் முத்திரை விதி வந்தது. பதினான்கு பெட்டியை இனி விற்கக் கூடாது என்று அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றிய நாள் எனக்கு அழுகையே வந்தது. இலவசம் என்று வரும் பெட்டிக்கும் அலமாரியில் இடம் வேண்டும் என்பதை அதன்பிறகு ஒரு முறையும் மறக்கவில்லை.

பிள்ளைகள் கேட்கும் சேகரிப்புச் சீட்டுகளிலும் போலி நிறைய வருகிறது. விலை பாதியாக இருக்கும். கைச்செலவுக் காசைச் சேர்த்து வாங்க வரும் பிள்ளைக்கு அதை விற்க எனக்கு மனம் வரவில்லை, வைப்பதில்லை.

எந்தப் பொருளில் பணம் சுற்றுகிறது

விலை அதிகமான பொருளில் லாபம் அதிகம் என்று தோன்றும். ஸ்டிரைக்கர் ஒரு டஜனுக்கு நான் போடுவது 480 ரூபாய். 40க்கு வாங்கி 70க்கு விற்று மாதம் பத்து போனால் 300 வருகிறது. வேலைப்பாடுள்ள மரச் செஸ் பெட்டி 1,800க்கு வாங்கி 2,400க்கு விற்கிறேன், நான்கு மாதத்துக்கு ஒன்று போகிறது: மாதக் கணக்கில் 150. ஒரு டஜன் ஸ்டிரைக்கரைப் போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு பணம், பாதி வரவு. ஸ்டிரைக்கர், காய், பவுடர், இறகுப்பந்து, டென்னிஸ் பந்து, மட்டைப் பிடி இவைதான் என் கடை வாடகையைக் கொடுக்கின்றன. மரச் செஸ் பெட்டியும் வேண்டும், கண்ணாடிக்குப் பின்னால் ஒன்று இருந்தால் கடைக்கே ஒரு களை வருகிறது. ஒன்று போதும்.

இன்னொன்று, எங்கள் ஐப்பசி கார்த்திகை மழை. அந்த ஈரத்தில் சுவரில் சாய்த்து வைத்த போர்டு வளைந்துவிடும். செங்கல் வைத்துப் பலகை போட்டு, அதன்மேல் படுக்கையாக அடுக்க வேண்டும். செப்டம்பருக்குப் பிறகு பெரிய போர்டு கையிருப்பை மூன்றுக்கு மேல் நான் விடுவதில்லை.

பணத்தைப் பிரிப்பது

மூன்று லட்சம் சரக்குக்கு என்றால் முதல் கொள்முதல் 1,80,000. ஒரு மாதம் கழித்து இரண்டாம் கொள்முதலுக்கு 80,000. மீதி 40,000 தொடவே கூடாது. பள்ளி ஆர்டரோ சீசனோ வரும்போது எடுப்பதற்கு. கடை திறந்த முதல் மாதத்தில் "இது இருக்கிறதா?" என்று கேட்டு இல்லையென்று திரும்பிப் போனவர்கள் ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதுங்கள். இரண்டாம் கொள்முதலின் பட்டியல் அதுதான்.

முதல் 1,80,000ஐ மன்னார்குடிக்கு இப்படிப் பிரித்தோம்: கேரமும் அதன் உதிரிகளும் 50,000, இறகுப்பந்து, மட்டை, பந்து வகைகள் 45,000, பெட்டி விளையாட்டுகள் 35,000, செஸ் 25,000, சீட்டு, லூடோ, தாயம், பரமபதம் 10,000, வண்டி, கூலி, சேதம் 15,000. மீரட்டிலும் ஜலந்தரிலும் நேரடியாக வாங்கினால் மலிவு என்று பலர் சொல்வார்கள். பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து வந்த கைவினைஞர்களால் வளர்ந்த ஊர்கள் அவை, சரக்கும் நல்ல சரக்கு. ஆனால் அங்கிருந்து எடுக்கக் கட்டு கட்டாக எடுக்க வேண்டும். எது ஓடும் என்று தெரியும்வரை முதல் ஆண்டு திருச்சியிலும் சென்னைப் பாரிமுனையிலும் சிறிது கூடுதல் கொடுத்துக் கொஞ்சமாக வாங்குவதே நல்லது. ஒரே பட்டியலை மூன்று கடையில் கொடுத்து விலை கேளுங்கள். முத்ரா கடனுக்குப் போகிறவர்களிடம் வங்கி கொட்டேஷன் கேட்கும், அதற்கும் அந்தத் தாள் உதவும்.

கடனுக்கா ரொக்கத்துக்கா என்பதற்கும் கணக்கு உண்டு. உடனே கொடுத்தால் 2 சதவீதம் கழிவு, இல்லையென்றால் 30 நாள் கடன் என்பார்கள். கடன் எடுத்தால் மாதம் இரண்டு வட்டிக்குப் பணம் வாங்கியதற்குச் சமம். கையில் பணம் இருந்தால் கழிவை எடுங்கள். பள்ளிகளுக்குக் கொடுக்கும் சரக்கின் பணம் எனக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து வந்திருக்கிறது, அந்தச் சரக்கை மட்டும் கடனில் எடுப்பேன்.

சென்ற வாரம் மன்னார்குடி மாணவர் திருத்திய பட்டியலை அனுப்பினார். கேரம் போர்டு நாற்பதிலிருந்து எட்டாக இறங்கியிருந்தது, வினைல் செஸ் செட் பத்து ஏறியிருந்தது. ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் மாதத்துக்கு எத்தனை, எந்த ஊரிலிருந்து, அடக்கம் என்ன என்று மூன்று கட்டம். கேரம் ஸ்டாண்டு ஆறு என்று இருந்ததை மட்டும் இரண்டாக்கினேன். பவுடர் டப்பா ஒரு டஜன் என்று இருந்ததை இரண்டு டஜனாக்கி, போர்டு வாங்கும் ஒவ்வொருவரும் அதைக் கேட்பார்கள் என்று பக்கத்தில் எழுதித் திருப்பி அனுப்பினேன்.